பாட்டி ஜாடியில் தயிரைக் கடைந்த சத்தம்
கொரிய மொழி டைப்பிங்கை ஞாபக வித்தையால் கற்போம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நமது கணினிப் பயிற்சிக் குழுவினர் பேசியது. வந்திருந்த சகோதரிகள் பலர் எழுத்தில் வேண்டும் என்று கேட்டதால், பேசிய நடையிலேயே இங்கே தருகிறோம்.)



கொரிய மொழியில் டைப் அடிப்பதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னவுடனே பின் வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. "நமக்கும் கொரியாவுக்கும் என்னங்க சம்பந்தம்?" நியாயமான கேள்விதான். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஹூண்டாய் கார் கம்பெனி 1996-இல் இந்தியாவில் தொடங்கப்பட்டது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளியே வந்தது. அதற்குப் பாகம் செய்து கொடுக்கிற கொரியக் கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. 2007-இல் சாம்சங் தொழிற்சாலையும் அங்கே வந்தது. இன்றைக்கு நம்ம ஊர்ப் பிள்ளைங்க வேன் ஏறிப் போகிற வழியிலேயே கொரிய எழுத்தில் எழுதிய சாப்பாட்டுக் கடைப் பலகையைப் பார்க்கலாம். மத்திய அரசின் 2020 கல்விக் கொள்கையிலும், உயர்நிலைப் பள்ளியில் படிக்கக்கூடிய வெளிநாட்டு மொழிகளில் ஒன்றாகக் கொரிய மொழியைச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, அது கடல் தாண்டி இருக்கிற சங்கதி மட்டும் இல்லைங்க, நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் நம்ம பெண்பிள்ளைங்க பலர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. கேட்டால் ஒரே பதில்தான். "இங்கிலீஷே சரியா வரலை, இது எங்கே வரப் போகுது? எனக்கு ஞாபகசக்தி கிடையாது." அம்மாக்களும் கூடவே தலையாட்டுகிறோம். இந்த ஒரு வார்த்தையால் எத்தனை கதவு மூடியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்க.

இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது இரண்டே சங்கதி. ஒன்று, ஞாபகம் என்பது பிறவியிலேயே சிலருக்கு மட்டும் கிடைக்கிற வரம் இல்லை, அது ஒரு கைத்தொழில். இரண்டு, கொரிய எழுத்தைப் பிடிக்க இங்கிலீஷ் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தமிழ் வழியாகவே போகலாம். சொல்லப்போனால் அது குறுக்கு வழி.

நமக்கா ஞாபகசக்தி இல்லை?

எந்த மாதத்துக்கு 31 நாள், எதற்கு 30 நாள் என்று காலண்டர் பார்க்காமல் நம்மில் பாதிப் பேர் சொல்வோம். எப்படி? கையை மூடி முட்டியை எண்ணுகிறோம். மேடு வந்தால் 31, பள்ளம் வந்தால் 30, பிப்ரவரி மட்டும் தனிக்கணக்கு. இதுதான் ஞாபக வித்தை. 21 புள்ளிக் கோலத்தை எந்த நோட்டையும் பார்க்காமல் வாசலில் இறக்குகிறோமே, அதை யார் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்? கண்ணும் கையும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. நடவுப் பாட்டு ஒரு மணி நேரம் ஓடும். ராகம் இழுத்துக்கொண்டு போகிறது, வார்த்தை பின்னாலேயே வருகிறது. ஔவையாரின் ஆத்திசூடி எழுத்து வரிசைப்படியே போகிறதால்தான், ஒரு வரி மறந்தாலும் அடுத்த எழுத்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது.

இதில் எல்லாம் ஒரே சூத்திரம்தான். தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போடுவது. புதுக் கன்றைப் பழைய கட்டுத்தறியில் கட்டுகிற மாதிரி. அந்தச் சூத்திரத்தை இப்போது கொரிய எழுத்தின் மேல் போட்டுப் பார்ப்போம்.

அரிவாள் தெரிந்தால் எழுத்து தெரியும்

கொரியர்களின் எழுத்துக்கு ஹங்குல் என்று பெயர். செஜொங் என்கிற அரசர் 1443-இல் அதை உண்டாக்கி, 1446-இல் மக்களுக்கு அறிவித்தார். அதுவரை அங்கே சீன எழுத்துதான். ஆயிரக்கணக்கான எழுத்தைப் படிக்கப் பணக்கார வீட்டு ஆம்பிளைங்களுக்குத்தான் நேரம் இருந்தது. சாதாரண ஜனங்கள் சுலபமாகப் படிக்க வேண்டும் என்றுதான் 28 எழுத்தை உருவாக்கினார்கள். இப்போது புழக்கத்தில் இருக்கிற அடிப்படை எழுத்து 24. மெய் 14, உயிர் 10.

அந்த எழுத்தின் உருவமே ஒரு ஞாபக வித்தைங்க. 'க' சொல்லும்போது நாக்கின் பின்பக்கம் மேலே எழும்பும். அந்த வளைவுதான் எழுத்து. 'ந' சொல்லும்போது நாக்கு நுனி மேலே தொடும். அந்த வடிவம்தான் எழுத்து. 'ம' என்றால் மூடிய வாய், ஒரு சதுரம். 1446-இல் எழுதிய விளக்கப் புத்தகத்திலேயே இந்தக் காரணம் எல்லாம் இருக்கிறது. அதன் பிரதி வெகு காலம் கண்ணில் படாமல் இருந்து 1940-இல்தான் கிடைத்தது. 1997-இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

கொரியக் கிராமத்து ஜனங்களிடம் ஒரு பழமொழி உண்டு. அரிவாளைக் கண் முன்னால் வைத்தாலும் 'கியொக்' எழுத்து தெரியாதவன் என்று எழுதப் படிக்கத் தெரியாதவரைச் சொல்வார்கள். கியொக் என்பது அவர்கள் 'க' எழுத்தின் பெயர். அது பார்ப்பதற்குக் கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரியே இருக்கும். மேலே ஒரு கோடு, வலது பக்கம் கீழே இறங்குகிற ஒரு கோடு. அரிவாளைப் பிடித்த கைக்கு அந்த எழுத்து மறக்குமா?

மற்றதை எங்கள் வகுப்பில் இப்படிக் கட்டினோம். 'ந' என்பது நாற்காலி. பக்கவாட்டில் பார்த்தால் சாய்கிற பலகையும் உட்காருகிற பலகையும் மட்டும். 'த' என்பது வலது பக்கம் திறந்த பெட்டி. 'ம' நாலு பக்கமும் சுவர் வைத்த முற்றம். 'ப' பாதி தண்ணீர் ஊற்றிய பக்கெட். 'ர' மடித்து மடித்து வைத்த ரிப்பன். 'ஸ' ஒன்றோடு ஒன்று சாய்த்து வைத்த இரண்டு மூங்கில். வெறும் வட்டம் ஒன்று உண்டு, அது வளையல். சொல்லின் முதலில் வந்தால் அதற்குச் சத்தமே இல்லை, உயிர் எழுத்துக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற எழுத்து அது. கடைசியில் வந்தால் 'ங்' என்று ஒலிக்கும்.

மெய்யோடு ஒரு கோடு கூடினால் மூச்சு கூடும். அரிவாள் நடுவில் ஒரு கோடு போட்டால் மூச்சு விட்டுச் சொல்கிற 'க'. திறந்த பெட்டி நடுவில் ஒரு கோடு போட்டால் மூச்சு விட்டுச் சொல்கிற 'த'. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் கீபோர்டில் வேலைக்கு வரும்.

பெண்கள் காப்பாற்றிய எழுத்து

நடுவில் ஒரு செய்தி. இந்த எழுத்து வந்த பிறகும் படித்த பெரிய மனிதர்கள் சீன எழுத்தை விடவில்லை. ஹங்குலைப் பொம்பளைங்க எழுத்து என்று மட்டமாகப் பேசினார்கள். ஆனால் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கடிதம் எழுதினார்கள், கணக்கு எழுதினார்கள், கதை எழுதினார்கள். சுமார் 1670-இல் சாங் கே-ஹ்யாங் என்கிற அம்மையார் சமையல் முறைகளை எல்லாம் ஹங்குலில் ஒரு புத்தகமாக எழுதி வைத்தார். மகள்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம், மூலப் புத்தகத்தை எடுத்துப் போகக் கூடாது என்றும் அதில் எழுதினார். நம்ம தீர்மானப் புத்தகத்தை அலுவலகத்தை விட்டு வெளியே கொடுக்க மாட்டோமே, அது மாதிரி. மட்டமாகப் பேசப்பட்ட அந்த எழுத்துதான் இன்றைக்கு அந்த நாட்டின் எழுத்து.

இடது கை மெய், வலது கை உயிர்

இப்போது கீபோர்டுக்கு வருவோம். கொரியாவில் 1982-இல் தரப்படுத்திய கீபோர்டுதான் இன்றும் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. நம்ம பயிற்சி மையத்தில் இருக்கிற அதே கீபோர்டுதான், 26 எழுத்துக் கட்டைதான். கம்ப்யூட்டரில் மொழியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். மெய் எழுத்து 14-ம் இடது பக்கம். உயிர் 12-ம் வலது பக்கம். அடிப்படை உயிர் 10, அதோடு இரண்டு கூட்டு உயிர்.

கொரிய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டமாக நிற்கும். கட்டம் எப்போதும் மெய்யில் தொடங்கும், அடுத்து உயிர் வரும், தேவைப்பட்டால் அடியில் இன்னொரு மெய் வரும். அதனால் கை இடது, வலது, இடது, வலது என்று மாறி மாறிப் போகும். இரண்டு பேர் ஒரே உரலில் உலக்கை மாற்றிக் குத்துகிறோமே, அதே தாளம்தான். தாளம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

இடது கைக்கு மூன்று வாக்கியம்

இடது பக்கம் மூன்று வரிசை. வரிசைக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொரு வார்த்தையின் முதல் எழுத்துதான் கட்டை. சுண்டு விரலில் தொடங்கி மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல் என்று உள்ளே வாருங்க. ஐந்தாவது வார்த்தைக்கு ஆள்காட்டி விரல் ஒரு கட்டை வலது பக்கம் நகர வேண்டும்.

மேல் வரிசை: பாட்டி ஜாடியில் தயிரைக் கடைந்த சத்தம். ப, ஜ, த, க, ஸ.

நடு வரிசை: மாமியாரும் நாத்தனாரும் இங்கே ராத்திரியெல்லாம் ஹஹஹா. ம, ந, வட்டம், ர, ஹ. 'இங்கே' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டோம். அது உயிரில் தொடங்குகிறது, உள்ளே 'ங்' இருக்கிறது. வட்டத்தின் இரண்டு குணமும் அதில் வந்துவிட்டது. கொரிய 'ர' எழுத்து சொல்லின் கடைசியில் 'ல்' ஆகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்க.

கீழ் வரிசை: காரம் தின்ற சின்னவன் ஃபூஃபூ. க, த, ச, ப. இதில் நாலே கட்டை. நாலும் மூச்சு விட்டுச் சொல்கிற எழுத்து. காரம் தின்றவன் வாயைத் திறந்து ஊதுகிற மாதிரிதான் சொல்ல வேண்டும்.

இந்த வரிசை ஏதோ இஷ்டத்துக்குப் போட்டது இல்லை என்று இப்போது தெரிகிறதா? மேல் வரிசை பெரும்பாலும் நம்ம வல்லினம். நடு வரிசையில் ம, ந, ங, ர: நம்ம மெல்லினமும் இடையினமும், கூட ஒரு 'ஹ'. கீழ் வரிசை மூச்சினம் என்று வைத்துக்கொள்ளுங்க. நாலாம் வகுப்பு இலக்கணத்தைக் கீபோர்டில் பரப்பி வைத்த மாதிரி இருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. ஷிஃப்ட் கட்டையை அழுத்திக்கொண்டு அடித்தால் மேல் வரிசை ஐந்து மெய் மட்டும் இரட்டிக்கும். நம்ம 'அப்பா'வில் வருகிற 'ப்ப' மாதிரி அழுத்தம் வரும். மற்ற இரண்டு வரிசை மெய்க்கு அது கிடையாது. பாட்டி மட்டும்தான் பலம் போட்டுக் கடைவாள் என்று ஞாபகம் வையுங்க.

வலது கைக்கு ஒரு வாக்கியமும் ஒரு மாடியும்

உயிர் எழுத்துக்கு மூன்றே பொருள். புள்ளி வானம், படுத்த கோடு நிலம், நிற்கிற கோடு மனிதர். 1446-இல் சொன்ன விளக்கம்தான் இதுவும். இப்போது புள்ளியைச் சின்னக் கோடாகப் போடுகிறார்கள். நிற்கிற கோட்டுக்கு வலது பக்கம் சின்னக் கோடு போட்டால் 'ஆ'. இடது பக்கம் போட்டால் 'அ'வுக்கும் 'ஒ'வுக்கும் நடுவில் ஒரு சத்தம். படுத்த கோட்டுக்கு மேலே போட்டால் 'ஓ', கீழே போட்டால் 'ஊ'.

நடு வரிசை வாக்கியம்: ஓரமாக ஒதுங்கி ஆட்டுக்கு இலை போடு. ஓ, ஒ, ஆ, இ. 'போடு' கணக்கில் இல்லை. ஆள்காட்டி விரலை ஒரு கட்டை இடது பக்கம் நகர்த்தி 'ஓ'வில் தொடங்குங்க. அடுத்தது ஆள்காட்டி விரலின் சொந்தக் கட்டை, பிறகு நடு விரல், மோதிர விரல்.

மேல் வரிசைக்குத் தனியாக மனப்பாடம் வேண்டாம். மாடி ஏறினால் 'ய' சேரும். 'ஓ'வுக்கு மேலே 'யோ', 'ஒ'வுக்கு மேலே 'யொ', 'ஆ'வுக்கு மேலே 'யா'. எழுத்திலும் ஒரு சின்னக் கோடு கூடியிருக்கும், அவ்வளவுதான். அதே வரிசையின் கடைசி இரண்டு கட்டை இரண்டு விதமான 'ஏ'. இன்றைக்குக் கொரியர்களே பெரும்பாலும் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். எந்தச் சொல்லுக்கு எந்த 'ஏ' என்பதைப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு ர-ற, ன-ண இருக்கிறதே, அந்தத் தொல்லைதான் அவர்களுக்கும்.

கீழ் வரிசையில் மூன்று: யூ, ஊ, அப்புறம் ஒரு படுத்த கோடு. இந்தக் கடைசி எழுத்தைச் சொல்லத்தான் வெளிநாட்டார் பலர் திணறுவார்கள். நமக்கு அது தினமும் வாயில் வருகிற சத்தம். 'கோடு' என்று சொல்லிப் பாருங்க. கடைசியில் உதடு குவியாமல் ஒரு அரை 'உ' வருகிறதே, குற்றியலுகரம், அதுதான் இது. உருவமும் கோடு, சத்தமும் 'கோடு'வின் கடைசி. இதற்கு மேல் என்ன வித்தை வேண்டும்?

சேர்த்து அடித்துப் பார்ப்போம்

முதல் சொல் 'பாப்'. கொரிய மொழியில் சோறு. பாட்டி, ஆடு, மறுபடி பாட்டி. இடது சுண்டு விரல் மேலே, வலது நடு விரல், மறுபடி இடது சுண்டு விரல் மேலே. மூன்று தட்டு தட்டினால் ஒரே கட்டத்துக்குள் சோறு வந்து உட்காரும்.

இரண்டாவது 'முல்'. தண்ணீர். மாமியார், ஊ, ராத்திரி.

மூன்றாவது 'நாமு'. மரம். நாத்தனார், ஆடு, மாமியார், ஊ. இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். மூன்றாவது தட்டில் திரையில் 'நாம்' என்று ஒரே கட்டமாக நிற்கும். நாலாவதாக உயிரை அடித்தவுடன், அடியில் இருந்த 'ம்' கழன்று அடுத்த கட்டத்துக்குப் போய் 'மு' ஆகும். புதிதாகப் பழகுகிறவர்கள் பயந்துபோய் அழித்துவிடுவார்கள். அழிக்காதீங்க. 'நாம்' என்பதோடு 'உம்' சேர்ந்தால் நாமும் 'நாமும்' என்றுதானே எழுதுகிறோம்? உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது. கம்ப்யூட்டருக்கு அந்த இலக்கணம் தெரியும், நீங்க பாட்டுக்கு அடித்துக்கொண்டே போங்க.

நாலாவது சொல்லைக் கேட்டால் சிரிப்பீங்க. கொரியப் பிள்ளைங்களும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடும். அம்மாவுக்கு 'ஒம்மா'. 'அப்பா' அடிக்க: வட்டம், ஆடு, ஷிஃப்ட் அழுத்திப் பாட்டி, ஆடு. எங்கள் வகுப்பில் வீட்டுக்குப் போகும் முன் எல்லோரும் அடிக்கிற கடைசிச் சொல் இதுதான்.

தமிழ் தெரிந்தவருக்கு என்ன லாபம், எங்கே சிரமம்?

தமிழில் ஒரே 'க'வைத்தான் 'கடல்' என்பதில் ஒரு விதமாகவும் 'தங்கம்' என்பதில் வேறு விதமாகவும் சொல்கிறோம். 'பல்', 'கம்பு' இரண்டுக்கும் ஒரே 'ப'. இங்கிலீஷில் இதற்குத் தனித்தனி எழுத்து. கொரிய மொழியிலோ நம்மைப் போலவே ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்துச் சத்தம் மாறும். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதும் நம்மைப் போலவே. அதனால்தான் இங்கிலீஷ் வழியாகச் சுற்ற வேண்டாம் என்கிறோம்.

சிரமமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கீழ் வரிசை மூச்சு எழுத்து தமிழில் இல்லாதது. மேல் வரிசை 'க'வுக்கும் கீழ் வரிசை 'க'வுக்கும் காது முதலில் வித்தியாசம் காணாது. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்க. காகிதம் நன்றாக ஆடினால் அது காரம் தின்ற சின்னவன். லேசாகத்தான் ஆடியது என்றால் பாட்டி.

பழகுகிற முறை

எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மன் அறிஞர் 1885-இல் மறதியைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். படித்ததை முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக மறக்கிறோம், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்று அதில் வந்தது. நாற்றுக்குத் தண்ணீர் விடுகிற கணக்குதான். ஒரே நாளில் பத்து நாள் தண்ணீரை விட்டால் பயிர் அழுகும்.

1. ஒரு நாளைக்கு ஒரு வரிசை மட்டும். பதினைந்து நிமிடம் போதும்.
2. அதே வரிசையை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று திரும்ப எடுங்க.
3. கைமேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு அடியுங்க. பார்த்துப் பார்த்து அடித்தால் கண்ணுக்குத்தான் பழகும். பார்க்காமல் நினைத்து எடுத்தால்தான் விரலுக்குப் பழகும்.
4. வாக்கியத்தை முதலில் வாய்விட்டுச் சொல்லி அடியுங்க, பிறகு மனதுக்குள். கொஞ்ச நாளில் பாட்டியும் மாமியாரும் தானாக மறைந்துபோவார்கள், விரல் மட்டும் போகும். அதுதான் சரி. வாக்கியம் ஏணி மாதிரி, மேலே ஏறினதும் எடுத்து வைத்துவிடலாம்.
5. நாங்கள் கட்டிய வாக்கியம் பிடிக்கவில்லையா? சொந்தமாகக் கட்டுங்க. தானே கட்டிய முடிச்சு அவிழாது.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் கைபேசியில் கொரிய கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளலாம். அதிலும் கட்டைகள் இதே வரிசையில் இருக்கிற கீபோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் முடியாதவர்கள் அட்டையில் 26 கட்டம் வரைந்து, மேலே விரலை ஓட்டிப் பழகலாம். எங்கள் வகுப்பில் கம்ப்யூட்டர் குறைவு, ஆள் அதிகம். முறை வருகிற வரைக்கும் அட்டையில்தான் அடிக்கிறோம்.

தமிழ் டைப்பிங்குக்கும் இதே வித்தை

கொரிய மொழி எனக்கு வேண்டாம் என்று நினைக்கிற சகோதரிகளும் இதைக் கேட்டுக்கொள்ளுங்க. தமிழக அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 கீபோர்டும் இதே மாதிரி ஒழுங்கு உள்ளதுதான். ஆனால் பக்கம் தலைகீழ். இடது பக்கம் உயிர், வலது பக்கம் பெரும்பாலும் மெய். இடது கையில் சுண்டு விரலுக்கு நடு வரிசையில் அ, மேலே ஆ. மோதிர விரலுக்கு இ, மேலே ஈ. நடு விரலுக்கு உ, மேலே ஊ. கீழ் வீட்டில் குறில், மாடியில் நெடில்.

வலது கை நடு வரிசை: கடையில் பருப்பு, மிளகு, தக்காளி, நல்லெண்ணெய். க, ப, ம, த, ந. இந்த மளிகைச் சீட்டை மறப்போமா? குழுவின் தீர்மானத்தையும் வங்கிக்குக் கொடுக்கிற மனுவையும் இன்னொருவரிடம் காசு கொடுத்து அடித்து வாங்குகிறோம். நம்ம கையாலேயே அடித்தால் காசும் மிச்சம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

வேலை கிடைக்குமா?

எல்லோர் மனதிலும் இருக்கிற கேள்வி இது. உள்ளதைச் சொல்கிறோம். டைப்பிங் மட்டும் தெரிந்தால் யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்க மாட்டார்கள். கொரிய மொழியைப் பேசவும் படிக்கவும் வேண்டும். அதற்கு மாதக் கணக்கில், வருடக் கணக்கில் உழைக்க வேண்டும். டோபிக் என்று ஒரு மொழித் தேர்வு 1997 முதல் நடக்கிறது. அதில் ஆறு நிலை உண்டு. 2023 முதல் அதைக் கம்ப்யூட்டரில் எழுதுகிற முறையும் வந்திருக்கிறது. அந்த முறையில் எழுத்துப் பகுதிக்குக் கொரிய மொழியில் டைப் அடித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். மொழி தெரிந்தும் விரல் தெரியாவிட்டால் நேரம் போய்விடும். சென்னையில் இன்கோ சென்டர் போன்ற இடங்களில் கொரிய மொழி வகுப்பு நடக்கிறது. சேருகிறவர்கள் நேரில் போய்க் கட்டணமும் கால அளவும் விசாரித்துச் சேருங்க. "கொரியாவில் வேலை நிச்சயம், முதலில் பணம் கட்டு" என்று யாராவது வந்தால், கட்டும் முன் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்க. உள்கடன் எடுத்து ஏமாந்துவிடக் கூடாது.

வயசு ஒரு தடையா?

கடைசியாக ஒரு சேதி சொல்லி முடிக்கிறோம். கொரியாவில் தேகு நகரத்துக்குப் பக்கத்தில் சில்கொக் என்று ஒரு மாவட்டம். விவசாயப் பகுதி. அங்கே சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாத பாட்டிமார், வயதான பிறகு எழுத்து வகுப்பில் சேர்ந்து ஹங்குல் படித்தார்கள். அவர்களில் ஐந்து பேரின் கையெழுத்தை 2020-இல் கம்ப்யூட்டர் எழுத்துருவாக ஆக்கினார்கள். அதற்காக அந்தப் பாட்டிமார் நாலு மாதம், ஆளுக்குச் சுமார் 2,000 தாள் எழுதிப் பழகினார்கள். இப்போது கொரியாவில் யார் வேண்டுமானாலும் அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து டைப் அடித்தால், திரையில் அந்தப் பாட்டியின் கையெழுத்திலேயே வரும். கோணல் மாணலாக, அழுத்தமாக, அழகாக.

அந்தப் பாட்டிமாருக்கு எழுபது, எண்பது வயதில் வந்தது நமக்கு வராதா? நம்ம பெண்பிள்ளைங்களுக்கு வராதா?

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு வேலை செய்யுங்க. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிற பெண் யார், "எனக்கு வராது" என்று சொல்கிற பெண் யார் என்று கணக்கெடுங்க. அந்தப் பெண்ணை ஒரு நாள், ஒரே ஒரு நாள், பயிற்சி மையத்துக்கு அனுப்பி வையுங்க. கூட அம்மாவும் வாங்க. முதல் நாள் பாட்டி ஜாடியில் தயிரைக் கடைந்த சத்தம் மட்டும் சொல்லிக் கொடுப்போம். மறுநாள் வரலாமா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும்.